வந்து இறங்குகிற ஷாட்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் ஒருத்தி போன வாரம் பருத்திப்பட்டுக்கு வந்தாள். ஏரிக்கரையில் என்னோடு நடந்துகொண்டே, "ரோஸம்மா, நீங்க பேசுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றாள். எனக்கு பஸ் போர்டு படிக்க வரும், கையெழுத்துப் போட வரும். அதற்கு மேல் எழுத்துக்கும் எனக்கும் பழக்கமில்லை. ஆனால் இத்தனை வருஷமாக டிவியில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பயண நிகழ்ச்சிக்காக நான் போய்த் தட்டித் திறக்காத கதவு தமிழ்நாட்டில் கொஞ்சம்தான். அந்த தைரியத்தில் பேசுகிறேன். மெதுவாகத்தான் பேசுவேன். அவசரம் என்றால் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

யூனிட்டில் என் வேலைக்குப் பெயர் கிடையாது. டைரக்டர் உண்டு, கேமராமேன் உண்டு, ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற கதிர் உண்டு. எனக்கு ரோஸம்மா என்பதுதான் பதவி. யூனிட் ஓர் ஊருக்குப் போவதற்கு முன்னால் நான் போய்விட வேண்டும். படம் எடுக்கப்போகிற தெருவில் நடந்து, வீட்டுக்காரர்களோடு பேசி, 'நாளைக்குக் கொஞ்சம் பேர் கேமராவோடு வருவாங்க, உங்க அடுப்படியைக் காட்டலாமா' என்று கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறதா? எதிர்வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

அதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரியில் பறவைகளைப் படமெடுக்க இந்த யூனிட் வந்தது. கூட வந்த பெண் பிள்ளைக்கு பாத்ரூம் போக ஒரு வீடு கேட்டார்கள். தெருவில் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்த் தட்டினேன், திறந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் அண்ணன் கிட்டே வந்தார்.

"நாளைக்கு செங்கல்பட்டு போறோம். வரியாம்மா?"

"சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடலாமா?"

"வந்துடலாம்."

அப்படிச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார். நான் வீட்டுக்கு வந்தது நான்காம் நாள்.

அந்த மேனேஜர் அண்ணன் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். "கேக்கறதுக்கு முன்னாடி உக்காரு. நின்னுகினே கேட்டா வசூலுக்கு வந்தவ மாதிரி இருக்கும். தண்ணி குட்த்தா குடி. தாகம் இல்லன்னு சொல்லாத." எந்த ஊரிலும் நான் அதை மீறியதில்லை. அவர் சொல்லாமல் விட்டதை விழுப்புரம் பக்கம் ஒரு வீட்டில் நானாகக் கற்றுக்கொண்டேன்.

அந்த வீட்டம்மாவிடம் முதல் நாளே பேசிச் சம்மதம் வாங்கியிருந்தேன். மறுநாள் யூனிட்டோடு போய் நின்றோம். வீட்டுக்காரர் வாசல் வரை ஓடி வந்து, "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்" என்றார். ஹாலில் புது ஜமக்காளம். தட்டு நிறைய கேசரி, பஜ்ஜி. நமக்கு இவ்வளவு மரியாதையா என்று கேமராமேன் அண்ணன் இரண்டு பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் தலையைக் குனிந்தபடி வந்து முதல் காபியைக் கதிரிடம் நீட்டினாள். கதிர் ஒரு வாய் குடித்துவிட்டு, "பிரமாதம்" என்றார். வீட்டுக்காரர் முகம் பூரித்துப்போய், "தம்பிக்கு வேலை நிரந்தரம்தானே?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பேசியது வீட்டம்மாவிடம். அவர் கணவரிடம் சொல்லவில்லை. அதற்குள் அன்றைக்கே பெண் பார்க்க வருகிறோம் என்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் தகவல் அனுப்பியிருக்கிறார்கள், இவர் எங்களை அவர்கள் என்று நினைத்துவிட்டார். கதிருக்கு அப்போதே கல்யாணமாகியிருந்தது. நான் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டு, "வேலை நிரந்தரம் இல்லீங்க. பொண்டாட்டிதான் நிரந்தரம்" என்றேன். அந்த நேரம் பார்த்து நிஜ மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டோடு வாசலில் வந்து நின்றார்கள். கேமராவைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு பாக்கறதுக்கே வீடியோவா!" என்று அசந்துபோய்விட்டார். அந்த மலைப்பிலேயே சம்பந்தம் முடிந்தது என்று பிறகு சொன்னார்கள். எங்களுக்கும் பத்திரிகை வந்தது. அன்றிலிருந்து, எந்த வீட்டுக்குள் போவதற்கு முன்னாலும், 'இன்னிக்கு உங்க ஊட்ல இன்னா விசேஷம்?' என்று கேட்காமல் நான் படியேறியதில்லை. நீங்களும் கேளுங்கள்.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த நாளில் எங்கள் நிகழ்ச்சிக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு எபிசோடும் கதிர் ஊருக்குள் வந்து இறங்குவதில்தான் தொடங்கும். பஸ்ஸிலிருந்தோ ஷேர் ஆட்டோவிலிருந்தோ பையும் கையுமாக இறங்குவார். நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பார். 'இந்த ஊருக்கு இதுதான் முதல் தடவை' என்பார். வீட்டு வாசலில் நிற்கிற யாரிடமாவது வழி கேட்பார். அவர்கள் 'யாருங்க நீங்க?' என்பார்கள். அப்படியே பேச்சு ஓடும்.

முதலில் வருகிற இந்த ஷாட்டை நாங்கள் கடைசியில்தான் எடுப்போம். எந்தத் தெரு அழகு, எந்த முகம் கேமராவுக்குக் கூச்சப்படாது என்பதெல்லாம் இரண்டு நாள் அங்கே கிடந்த பிறகுதானே தெரியும்? சாயங்கால வெயிலும் அதற்குத் தோதாக இருக்கும். ஆகவே, ஒரு தெருவில் இரண்டு நாள் சாப்பிட்டு, தூங்கி, எல்லோரோடும் சிரித்துப் பேசிய மனிதர், ஊருக்குக் கிளம்பும்போது முதல் தடவை வருகிறவர் மாதிரி வந்து இறங்குவார். தெருவில் உள்ளவர்களும் அவரைப் பார்த்தே இல்லாத மாதிரி பார்க்க வேண்டும். அதைச் செய்ய வைப்பது என் பொறுப்பு. "இவர இப்பதான் பாக்கறீங்க, சரியா?" என்பேன். சிரித்துக்கொண்டே செய்துவிடுவார்கள். ஒரு ஊரிலும் யாரும் முடியாது என்று சொன்னதில்லை.

பிறகு ஒரு காலம் வந்தது. ஆளாளுக்கு ஒரு போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் நிகழ்ச்சியைப் பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். சேனலில் கூப்பிட்டு, "இன்னும் ஒரு எபிசோடு குடுங்க. அதைப் பாத்துட்டு, தொடரலாமா நிறுத்தலாமான்னு சொல்றோம். வெளியூர்ல போய்த் தங்கற வேலையெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போது இருந்த டைரக்டர் நல்ல மனிதர், முன்கோபக்காரர். வேனில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். பூந்தமல்லியில் எடுக்கலாம் என்று நான் சொன்னேன்.

"பூந்தமல்லியில என்ன ரோஸம்மா இருக்கு? பஸ் மாத்தறதுக்கு இறங்குவாங்க."

"இறங்கறவங்க யாராவது தெருவுக்குள்ள போயிருக்காங்களா சார்? போய்ப் பாத்தாத்தானே தெரியும்?"

வேறு வழி இல்லாமல் ஒத்துக்கொண்டார்.

நிகழ்ச்சி நின்றால் கதிருக்கு இன்னொரு சேனல் கிடைக்கும். எனக்கு என்ன கிடைக்கும்? பிசிறு வெட்டப் போகலாம் என்றால் ஊசித்துளை தெரிகிற கண் இப்போது இல்லை. சோற்றுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அது இல்லை என் கவலை. புதுத் தெருவுக்குள் நுழையும்போது எனக்குள் ஒரு குறுகுறுப்பு வரும் பாருங்கள், அது நின்றுவிடுமே என்றுதான் பயந்தேன். வீட்டையும் கம்பெனியையும் தவிர வேறெதுவும் பார்க்காமல் பாதி வயசைக் கழித்தவள் நான்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பிசிறு வெட்டியவள் ஜைத்தூன். என்னைவிட ரொம்பச் சின்னவள். கல்யாணமாகிப் பூந்தமல்லிக்குப் போனாள். கணவர் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். இவள் விசேஷங்களுக்குப் பிரியாணி செய்து கொடுக்கிறாள். அவளுடைய பெரிய பிரியாணிப் பாத்திரம், அந்த தேக்சா, அடுப்பில் ஏறினால் தெருவில் பாதிப் பேர் அன்று வீட்டில் சமைப்பதில்லை.

நான் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா ரோஸக்கா, டிவி டிவின்னு ஊரெல்லாம் சுத்திகினு இருந்த, இப்பதான் எங்க ஊட்டு வழி தெரிஞ்சுதா? இட்டுகினு வா உன் பட்டாளத்த. எத்தினி பேருக்கு ஒல வைக்கணும், அத மட்டும் சொல்லு."

இரண்டு நாள் அந்த வீட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! கதிரை உட்கார வைத்து வெங்காயம் உரிக்கச் சொன்னாள். அவர் கண்ணெல்லாம் சிவந்து அழுதபடி தோலோடு பாதி வெங்காயத்தையும் சேர்த்து உரித்துப் போட்டார். "நைனா, ஒரு வெங்காயம் உரிக்கத் தெரில, உனக்குப் போய் ஒருத்தர் பொண்ணு குட்த்துகிறாரு பாரு, அவரக் காட்டு எனக்கு" என்றாள். அவளுடைய கடைசிப் பெண் பர்வீன், ஒன்றாம் வகுப்பு படிக்கிறவள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதிர் முதுகில் ஏறினால் இறங்கவே மாட்டாள்.

மதியம் மெத்தைக் கடையில் எடுத்தோம். புது மெத்தையில் படுத்துக் காட்டுங்கள் என்றார் டைரக்டர். வயிறு நிறையப் பிரியாணி தின்றிருந்த கதிர் படுத்தார், நிஜமாகவே தூங்கிவிட்டார். குறட்டை வேறு. எழுப்பப் போன என்னை ஜைத்தூன் வீட்டுக்காரர் தடுத்தார். "உடுங்கக்கா, எழுப்பாதீங்க. இத உட்டா என் மெத்தைக்கு வேற இன்னா விளம்பரம் ஓணும்?"

இரண்டாம் நாள் சாயங்காலம். வந்து இறங்குகிற ஷாட்.

ஷேர் ஆட்டோ தெரு முனையில் வந்து நின்றது. கதிர் பையோடு இறங்கினார், நெற்றியில் கையை வைத்தார். வாசலில் நின்ற ஜைத்தூன், "இன்னா கதிரு, சொல்லாம பைய தூக்கிகினு எங்க போய்ட்ட? போட்ட டீ ஆறுது" என்றாள். தெருவே சிரித்தது.

மறுபடியும் எடுத்தோம். இந்தத் தடவை பர்வீன் ஓடிப்போய்ப் பையைப் பிடித்துத் தொங்கினாள். "அங்கிள், எனக்கு இன்னா வாங்கினு வந்த?"

இன்னொரு தடவை. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "அண்ணாத்தே, எத்தினி தபா இறங்குவ? ஒரே தபா ஒழுங்கா இறங்கிடு. எனக்கு போரூர் சவாரி காத்துகினு கீது."

வெயில் மஞ்சளாகி மொட்டை மாடிச் சுவர்களுக்கு ஏறிவிட்டது. டைரக்டர் ஜைத்தூன் முன்னால் போய் நின்றார்.

"ஏம்மா, தெரியாத ஆளைப் பாக்கற மாதிரி பாத்து, யாருங்க நீங்கன்னு ஒரு வார்த்தை. இதுகூட நடிக்க வராதா உங்களுக்கு?"

தெருவில் சிரிப்பு நின்றுவிட்டது. ஜைத்தூன் கோபப்படவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வராது சார். ரெண்டு நாளா என் கையால சாப்ட்ட புள்ள. அது மூஞ்சப் பாத்து யார் நீன்னு எப்பிடிக் கேப்பேன்? வெளாட்டுக்குக் கூட எனக்கு வாய் வராது."

உள்ளே போய்விட்டாள்.

டைரக்டர் என்னைப் பார்த்தார். "ரோஸம்மா, நீங்க பேசுங்க."

அதற்குத்தானே நான் இருக்கிறேன். உள்ளே போனேன். ஜைத்தூன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேக்சாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"நீயும் அதச் சொல்லத்தான் வந்தியாக்கா?"

நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"நீ சொன்னா நான் செஞ்சிடுவேன். அதான் சொல்றேன், சொல்லாத."

பிள்ளைகளே, ஊர் ஊராகக் கேட்டுப் பழகிய வாய் என்னுடையது. எந்த வீட்டில் எப்படிப் பேசினால் எந்தக் கதவு திறக்கும் என்று எனக்குத் தெரியும். நிகழ்ச்சி நிற்கப் போகிறது, என் பிழைப்பு போகப் போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் எழுந்து வந்திருப்பாள். சொல்லிக் கொடுத்தபடி சொல்லியிருப்பாள். ஷாட்டும் கிடைத்திருக்கும். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தும் கேட்காமல் திரும்ப வேண்டிய வேளை உங்களுக்கும் ஒரு நாள் வரும். அன்றைக்கு யாரும் பக்கத்தில் நின்று சொல்லித்தர மாட்டார்கள். நான் தேக்சாவின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் தேய்த்தாள். கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தேன்.

"அது சொல்லாது சார். நானும் கேக்கல."

"இதுதான் கடைசின்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார். உங்களவிட எனக்கு நல்லாவே தெரியும்."

"அப்புறம்?"

"இந்த ஊட்ல நான் இன்னும் சாப்பிடணும் சார்."

டைரக்டர் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கேமராமேன் அண்ணன் மட்டும் தோளிலிருந்து கேமராவை இறக்கவில்லை. எப்போதும் கொஞ்சமாகப் பேசுகிறவர் அவர்.

"வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. வர்றதை எடுக்க முடியல. போறதை எடுத்தா என்ன?"

"போறதா? நம்ம நிகழ்ச்சியில போற ஷாட்டே கிடையாதேண்ணே" என்றார் டைரக்டர்.

"கிடையாதுதான்" என்றார் அண்ணன். ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

கதிர் நிஜமாகவே சொல்லிக்கொண்டு போகலாம் என்று வாசலுக்குப் போனார். எத்தனையோ ஊரில் வந்து இறங்கியவருக்கு, கிளம்பும்போது என்ன பேசுவது என்று யாரும் எழுதித் தந்ததில்லை. ஜைத்தூன் ஒரு டிபன் கேரியரோடு வெளியே வந்தாள்.

"இது ராத்திரிக்கு. மேல் தட்டுல அல்வா கீது, உன் பொண்டாட்டிக்கு. வழியில நீயே தின்னுடாத."

"சரிக்கா."

"இன்னா சரிக்கா? போறேன்னு சொல்லிகினு கிளம்பத் தெரியாதா?"

"போயிட்டு வரேங்க்கா" என்றார் கதிர். பர்வீன் அவர் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள். அவள் அப்பா வந்து விரல் விரலாகப் பிரித்தெடுத்தார். போரூர் சவாரிக்குப் பறந்த ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிர் ஏறினார். ஆட்டோ திரும்புகிறவரை தெருவில் எல்லோரும் கையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். நான் அவரோடுதான் போக வேண்டும் என்பதே மறந்துபோய்விட்டது. பிறகு தெரு முனை வரை ஓடினேன்.

வந்து இறங்காத எபிசோடு வெங்காயம் உரிப்பதில் தொடங்கி, ஆட்டோ போவதில் முடிந்தது. அப்படியே சேனலுக்குப் போனது. ஒளிபரப்பாகிச் சில நாள் ஒரு சத்தமும் இல்லை. நான் வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் டைரக்டர் போன் செய்தார். "ரோஸம்மா, அந்த ஜைத்தூன் அம்மா வீட்டுக்குப் போகணும். கூட வாங்க." வேறெதுவும் சொல்லவில்லை. காரில் வரும்போதும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. நிகழ்ச்சி நின்றுவிட்டது, நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கதவைத் தட்டினேன். ஜைத்தூன் திறந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. டைரக்டரை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள்.

"யாருங்க நீங்க?"

முகத்தில் ஒரு துளி சிரிப்பு இல்லை. டைரக்டர் திணறிவிட்டார். "நான்தாம்மா... அன்னிக்கு ஷூட்டிங்... டைரக்டர்..."

"தெரிலியே. எங்க ஊட்ல சாப்ட்டவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். நீங்க ரெண்டு நாளும் வேன்ல ரொட்டியத் தின்னுகினு டிவி பொட்டியப் பாத்துகினு இருந்தீங்க. உங்கள எப்பிடி சார் எனக்குத் தெரியும்?"

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னா சார், நடிக்க வருதா எனக்கு?"

டைரக்டர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தட்டு வந்தது, பிரியாணி வந்தது, கத்தரிக்காய் வந்தது. தலையைத் தூக்காமல் தின்றார். இரண்டாவது தடவை தால்ச்சா ஊற்றும்போதுதான், வாயில் சோற்றோடு சொன்னார்.

"நிறுத்தலம்மா. தொடரச் சொல்லிட்டாங்க. இனிமே எல்லா ஊரும் இதே மாதிரி, வீட்டுக்குள்ள ஆரம்பிச்சு வாசல்ல முடியட்டுமாம்."

நான் போட்ட கூச்சலில் பர்வீன் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். ஜைத்தூன் கரண்டியை நிறுத்தவில்லை.

"அத அப்பால பேசலாம் சார். ஆறிடும், சாப்புடுங்க."